நான்கு பேர் சொன்ன கூறைப்புடவைக் கதை

ஓய்வு பெற்றவர்களிடம் யோசனை கேட்பவர்களில் பாதிப் பேர் மரியாதைக்காகக் கேட்பவர்கள். நானும் மரியாதைக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிடுவேன். போன மாதம் கீர்த்தனா கூப்பிட்டபோது அப்படி வைக்க முடியவில்லை.

நான் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டிய நிறுவனத்தில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் கீர்த்தனா. மிக்ஸி, கிரைண்டர் செய்து விற்கிற நிறுவனம். அலுவலகம் நந்தனத்தில். எங்கள் பிரிவுக்குப் பெயர் முதலில் பர்சனல், பிறகு எச்.ஆர்., இப்போது ஏதோ இன்னும் நீளமான ஒன்று. வேலை மட்டும் அதேதான்: ஆள் எடுப்பது.

"மேடம், ஒரு சின்ன டவுட்டு," என்றாள். "இப்ப ஃபர்ஸ்ட் ரவுண்டு கம்ப்யூட்டர்தான் எடுக்குது. வீட்லருந்தே கேமரா முன்னாடி பேசி அனுப்பிடறாங்க. இந்தத் தடவ பதினோரு பேரு அச்சா ஒரே பதில் சொல்லியிருக்காங்க. சிஸ்டம் செவப்புல காட்டுது. மொத்தமா தூக்கிடுன்னு மேல சொல்றாங்க. தூக்கிடவா?"

"தூக்காதே," என்றேன்.

"எல்லாம் காப்பி மேடம்."

"காப்பின்னா அசல்னு ஒண்ணு இருக்கணுமில்ல? அந்த அசல் இந்தப் பதினோரு பேர்ல ஒருத்தரா இருந்தா என்ன பண்ணுவே?"

"அப்படி நடக்குமா மேடம்?" என்றாள். நடந்தது என்றேன். அதை எழுதிக் கொடுங்கள், மேலே காட்டுகிறேன் என்றாள். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. இதில் எனக்குப் பெருமை சேர்க்கும் விஷயம் அதிகமில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள். பத்து வருடத்தில் உதவி அதிகாரி ஆகி, இண்டர்வியூ எடுக்கும் மேஜையின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தேன். அந்தக் காலத்து இண்டர்வியூ ஒரு பெண் பார்க்கும் படலம். அப்பா என்ன செய்கிறார், சொந்த ஊர் எது, இன்னும் ஐந்து வருடத்தில் என்னவாக ஆசை? ஷூ பளபளப்பாக இருந்தால் ஒரு மார்க், ஆங்கிலம் சரளமாக வந்தால் இரண்டு. நான் முதன்முதலாக முழு மார்க் போட்டுத் தேர்வு செய்த இளைஞன் அவ்வளவு அழகாகப் பேசினான். பொறுமைதான் தன்னுடைய பலம் என்றான். சர்வீஸ் கவுண்டரில் உட்காரவைத்த மூன்றாவது வாரம், சத்தம் போட்ட ஒரு வாடிக்கையாளரின் கிரைண்டர் கல்லை அவர் காலடியிலேயே போட்டுவிட்டு வெளியே போனவன், திரும்பி வரவேயில்லை. நல்ல வேளை, கால் தப்பியது.

அதற்குப் பிறகுதான் சிவசைலம் சார் எங்கள் பிரிவுக்குத் தலைவராக வந்தார். திருநெல்வேலிக்காரர். குரலை உயர்த்தியே கேட்டதில்லை. அதனாலேயே எல்லோரும் பயந்தோம். வந்த முதல் வாரமே பழைய கேள்வித்தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இத வச்சு மாப்பிள்ள பாக்கலாம், ஆள் எடுக்க முடியாது," என்றார். திறன் அடிப்படையிலான நேர்காணல் என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒருவரிடம் 'நீங்கள் எப்படிப்பட்டவர்' என்று கேட்காதே. 'நீங்கள் செய்த ஒன்றைச் சொல்லுங்கள்' என்று கேள். என்ன நடந்தது, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆயிற்று என்ற நான்குக்கும் பதில் வேண்டும். நடந்ததற்கு மட்டும்தான் மார்க்.

கேட்க எளிதாக இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். சாரின் முறைகள் அப்படி. வருகிறவருக்கு முதலில் அவரே தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார். வேறு யாரையும் ஊற்ற விடமாட்டார். 'நல்லது', 'பிரமாதம்' என்று நாங்கள் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த பதிலை நமக்குப் பிடித்த மாதிரி திருப்பிவிடுவார்களாம். பேசுகிறவருடைய வார்த்தைகளை அப்படியே எழுத வேண்டும். ஒருமுறை நான் 'தன்னம்பிக்கை உள்ளவர்' என்று எழுதியதை அடித்துவிட்டு, "இத அவங்க சொன்னாங்களா, நீங்க சொல்லுதீகளா?" என்று கேட்டார். கேள்வி கேட்பதிலும் சார் பெரிய பேச்செல்லாம் பேசமாட்டார். "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். பொய் சொல்பவர்கள் மூன்றாவது 'அப்புற'த்தில் தண்ணீர் கேட்பார்கள்.

மார்க் போடுவதற்கும் ஒரு சடங்கு உண்டு. வந்தவர் வெளியே போய்க் கதவு மூடிய பிறகு, மூவரும் தனித்தனியாக, பேசாமல் எழுத வேண்டும். எழுதியதும் தாளைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு மூவரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். நான் பேனாவை அழுத்தி எழுதுகிறவள். டைப் அடித்த விரல்கள். கவிழ்த்து வைத்தாலும் தாளின் பின்பக்கம் எண் புடைத்துக்கொண்டு தெரியும். "வசந்தா, உங்க மார்க்க கண்ணு தெரியாதவங்களும் தடவிப் படிச்சிரலாம்," என்று சார் கேலி செய்வார். நான் சிரித்துவிட்டு மறுபடியும் அழுத்தித்தான் எழுதுவேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு வருடம் இருக்கும். சர்வீஸ் சென்டருக்கு மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும். ஒரே இடம், ஒன்பது பேர் வந்திருந்தார்கள். குழுவில் நானும், சர்வீஸ் பிரிவு மேலாளர் பிரபுவும், சிவசைலம் சாரும். கேள்வி கேட்கும் பொறுப்பு அன்றைக்கு என்னுடையது. நான்கு கேள்விகளில் மூன்றாவதுதான் முக்கியம்: 'வாடிக்கையாளருக்குத் தவறு நடந்துவிட்ட சமயம் ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்?' இதில் பூஜ்யம் வாங்கினால் மற்றவற்றில் எத்தனை வாங்கினாலும் வேலை கிடையாது.

முதலில் வந்த பையன் ஒரு கதை சொன்னான். தி. நகர் ஜவுளிக்கடையில் அவன் வேலை பார்த்தபோது, தையல் பிரிவில் இரண்டு கூறைப்புடவைகள் மாறிப் போய்விட்டன. மயிலாப்பூர்க் கல்யாண வீட்டுப் புடவை பெசன்ட் நகர்க் கல்யாண வீட்டுக்கும், அவர்களுடையது இவர்களுக்கும். மறுநாள் முகூர்த்தம். இவன் உடனே ஆட்டோ பிடித்துப் பெசன்ட் நகர் போய்ப் புடவையை மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தானாம். இரு வீட்டாருக்கும் மகிழ்ச்சி, முதலாளி பாராட்டினார். நான் ஆவலாக ஏழெட்டுக் கேள்வி கேட்டேன். பெசன்ட் நகரில் எந்த இடம், அந்த வீட்டில் யார் கதவைத் திறந்தார்கள் என்றதும் பையன் தண்ணீர் கேட்டான்.

இரண்டாவது வந்தவர் செல்ஃபோன் கடைக்காரர். ஆனால் அதற்கு முன் ஜவுளிக்கடையில் இருந்தாராம். அங்கே இரண்டு கூறைப்புடவைகள் மாறிவிட்டனவாம். பிரபு என்னைப் பார்த்தார். நான் இரண்டு கேள்வியோடு விட்டுவிட்டேன். ஐந்தாவதாக வந்த பெண் ஓட்டல் வரவேற்பில் இருப்பவள். அவளும் ஆட்டோவில் பெசன்ட் நகர் போனாள். பிரபு மேஜைக்கு அடியில் குனிந்து விழுந்த பேனாவை ரொம்ப நேரம் தேடினார். எங்கோ ஒரு பயிற்சி வகுப்பில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. எங்களை என்ன மடையர்கள் என்று நினைத்தார்களா?

ஏழாவது ஷாஹிதா. சைதாப்பேட்டை. விண்ணப்பத்தில் பிறந்த தேதியைப் பார்த்தேன். இந்தப் பதவிக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. அவளுக்கு அந்த மாதக் கடைசியில் முடிகிறது. இன்றைக்கு விட்டால் அடுத்த முறை விண்ணப்பமே போட முடியாது. ஜவுளிக்கடையில் பதினான்கு வருடம் விற்பனைப் பெண். உள்ளே வரும்போதே இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தாள். வேலையை ஏன் மாற்றுகிறீர்கள் என்று முதல் கேள்வியில் கேட்டதற்கு, "நின்னு நின்னு நரம்பு சுருட்டிக்கிச்சு மேடம். ஒக்காந்து செய்யற வேலையா பாத்துக்கோ, இல்லன்னா ஆபரேசன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு," என்றாள். முதல் இரண்டு பதில்களும் நன்றாகவே இருந்தன. மூன்றாவது கேள்வியைக் கேட்டேன்.

"எங்க கடையில, தையல் செக்ஷன்ல, ரெண்டு கூறப்பொடவ மாறிப்போச்சு மேடம்..."

அவ்வளவுதான். மீதி என் காதில் ஏறவில்லை. அவள் பெசன்ட் நகர் போய்த் திரும்பி வரும்வரை தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்ததும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நான்காவதுக்குப் போனேன். அவள் என் முகத்தைப் பார்த்துக் குழம்பியது தெரிந்தது. நான்காவது பதிலில் தடுமாறினாள். ஐந்து நிமிடம் முன்னதாகவே அவளை அனுப்பிவிட்டேன்.

கதவு மூடியது. எழுதினோம், கவிழ்த்தோம், திருப்பினோம். மூன்றாவது கேள்விக்கு என் தாளில் பூஜ்யம். பிரபு தாளில் பூஜ்யம். சார் தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

"சார், நீங்க எழுதலையே?"

"எனக்கு எழுத ஒண்ணும் கிடைக்கலியே வசந்தா."

"அது மனப்பாடம் சார். நாலாவது ஆள்."

"இருக்கலாம். ஆனா மொத ஆளுக்கு ஏழு கேள்வி கேட்டீங்க. இந்தப் பிள்ளைக்கு ஒண்ணுகூட கேக்கல. பதில் தெரியாம முழிச்சா பூஜ்யம் போடலாம். கேக்காமலே எப்படிப் போடுவீங்க?"

நான் வாதாடினேன். இன்னும் இரண்டு பேர் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள், நேரமாகிவிட்டது, நான்கு பேர் ஒரே கதையைச் சொன்னால் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். சார் அவள் விண்ணப்பத்தை என் பக்கம் நகர்த்தினார். 'தற்போதைய பணி' என்ற இடத்தில் ஜவுளிக்கடை என்று இருந்தது. மற்ற மூன்று பேருடைய விண்ணப்பத்திலும் ஜவுளிக்கடையே கிடையாது. காலையிலிருந்து என் கண்ணெதிரே இருந்த தாள்கள். நான் பார்க்கவில்லை. எனக்குச் சுரீர் என்றது.

மூன்றாவது மாடி. லிஃப்டுக்கு நிற்கப் பொறுமையில்லை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிகளில் இறங்கினேன். அவள் போய் எப்படியும் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வாசலுக்கு எதிரேயே பஸ் ஸ்டாப். சைதாப்பேட்டைக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ். ஃபோனில் கூப்பிடலாம் என்றால் விண்ணப்பம் மேலேயே இருக்கிறது. வயது வரம்பு, அவள் கால், என் பூஜ்யம் மூன்றும் சேர்ந்து என்னைத் துரத்தின. போயிருப்பாள், நிச்சயம் போயிருப்பாள் என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

கீழே செக்யூரிட்டி தணிகாசலம் என்னைப் பார்த்ததும் சண்டைக்கு வந்தார்.

"இன்னா மேடம் நீங்க! விசிட்டர் சீட்டுல கையெழுத்து போடாம அனுப்பி வுட்டுட்டீங்க. நான் எப்டி கேட்ட தொறக்கறது? போன மாசம்தான் இதுக்கு மெமோ வாங்கிக்கினு வந்தேன். மேல போன் போட்டா ஒருத்தரும் எடுக்கல. இந்தம்மா பாவம், எவ்ளோ நேரமா ஒக்காந்துகினு கீது பாருங்க."

அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில் ஷாஹிதா உட்கார்ந்திருந்தாள். கையில் அந்தச் சீட்டு. எங்கள் அலுவலகத்தில் வெளியாட்கள் யார் வந்தாலும், பார்த்த அதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் வெளியே போக முடியும். எரிச்சலில் மற்றவர்களுக்குப் போட்டதை இவளுக்குப் போட மறந்திருக்கிறேன். இண்டர்வியூ சமயத்தில் சார் ஃபோனை எடுக்க விடமாட்டார். தணிகாசலத்தை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த மிக நல்ல தவறு, போடாமல் விட்ட அந்தக் கையெழுத்துதான்.

"சாரி மேடம், ஏதாவது தப்பாயிடுச்சா?" என்று பயந்துபோய் எழுந்தாள் ஷாஹிதா.

"ஆமாம்மா. தப்பு எங்களுது. மேல வாங்க. இந்த வாட்டி லிஃப்டுல போலாம்."

மறுபடியும் மேஜை. சார் மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். எங்கள் பழைய தாள்கள் மறுபடியும் கவிழ்த்து வைக்கப்பட்டு அவள் எதிரில் கிடந்தன. நான் மறைக்காமல் சொல்லிவிட்டேன்: "ஷாஹிதா, நீங்க சொன்ன புடவைக் கதையை உங்களுக்கு முன்னாடி மூணு பேர் சொல்லிட்டாங்க."

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அது எனக்கு நடந்தது மேடம்," என்றாள். "சைதாப்பேட்டைல ஒரு க்ளாஸுக்குப் போனேன். இண்டர்வியூக்கு ட்ரெயினிங் குடுக்கறது. எல்லாரையும் ஒண்ணொண்ணு சொல்லச் சொன்னாரு வாத்தியாரு. என்னுது நல்லாருக்குன்னு எழுதி வாங்கிக்கிட்டாரு. நோட்ஸ்ல போட்டு எல்லாருக்கும் குடுத்துட்டாரா?"

அவள் தலையைக் குனிந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீண்ட நேரம். அழப்போகிறாளோ என்று நினைத்தேன். பிறகு நிமிர்ந்தாள். குரலே மாறியிருந்தது.

"டோக்கன மாத்திக் குடுத்தது நான்தான் மேடம். தையல் செக்ஷன் இல்ல."

"அப்புறம்?" என்றார் சார்.

"ரெண்டும் அரக்கு கலரு. ஒண்ணுல பார்டர்ல மயிலு, ஒண்ணுல அன்னம். குஞ்சம் கட்டக் குடுக்கறப்ப நான்தான் கவுண்டர்ல இருந்தேன். கூட்டம். மயிலுக்கு எழுத வேண்டிய நம்பர அன்னத்துக்கு எழுதிட்டேன். மைலாப்பூர்க்காரங்க வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாத்துட்டு மறுநாள் காலைல வந்து கத்தறாங்க. பொண்ணோட அம்மா பொடவைய என் மூஞ்சி மேலயே போட்டாங்க. தையல் செக்ஷன்ல ஒரு வயசான அம்மா, அவங்கள வேலைய விட்டுத் தூக்கறேன்னு முதலாளி குதிக்கறாரு. அப்பதான் சொன்னேன், அவங்க இல்ல சார், நான்னு."

"அப்புறம்?"

"பில்லுல அட்ரஸ் பாத்து, அவங்க பொடவைய எடுத்துக்கிட்டு பெசன்ட் நகர் போனேன். அங்க போனா பொடவைல ப்ளவுஸ் துணிய வெட்டி டெய்லர்ட்ட குடுத்துட்டாங்க! எனக்கு உசுரே இல்ல. மாதா கோயிலுக்குப் பின்னாடி தெருவுல டெய்லர் கட. பூட்டிக் கெடந்துச்சு, சாப்புடப் போய்ட்டாரு. படியிலயே ஒக்காந்திருந்தேன். அன்னிக்கு முழுக்க நான் ஒக்காந்தது அந்த அர மணி நேரம்தான் மேடம். வந்தாரு. நல்ல வேள, கத்திரி வெக்கல. துணிய வாங்கி, பொடவையோட சேத்து எடுத்துக்கிட்டு நேரா மைலாப்பூர் போய், வெட்டினது நெசம், தப்பு என்னுதுன்னு அந்தம்மா கைல குடுத்தேன்."

"பாராட்டினாங்களா?" என்று பிரபு கேட்டார்.

"யாரு பாராட்டறாங்க சார்? முதலாளி ஒரு மாசம் பேசவே இல்ல. நான்தான் அதுக்கப்புறம் டோக்கன ரெண்டா கிழிச்சு, பாதிய பொடவ மடிப்புல நூலால கட்டிவிட ஆரம்பிச்சேன். குண்டூசி குத்தினா பட்டு போயிடும், அதனால நூலு. இப்ப கடை முழுக்க அப்படித்தான் கட்டறாங்க."

"இத ஏன் மொதல்லயே இப்படிச் சொல்லல?" என்றேன்.

"உன் தப்புன்னு சொன்னா எவனும் வேல தர மாட்டான், தையல்காரங்க தப்புன்னு மாத்திச் சொல்லுன்னு வாத்தியாரு சொன்னாரு மேடம். ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு அப்படியே சொல்லிப் பழகினேன்."

தன் சொந்தக் கதையை அடுத்தவர் சொன்னபடி மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அதனாலேயே பொய்க்காரி ஆன ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள். எங்கள் கேள்வி தவறு நடந்தபோது பொறுப்பேற்கிறார்களா என்பதைப் பற்றியது. அதற்குச் சரியான பதிலை அந்த வகுப்பில் கத்தரித்து எறிந்துவிட்டு, மீதியைத்தான் பாடமாகக் கொடுத்திருந்தார்கள். அது எங்கள் முன்னால் வந்தபோது நான் கேட்கக்கூட இல்லை.

அவள் போனதும் புதுத் தாளில் எழுதினோம். நானும் பிரபுவும் ஐந்துக்கு ஐந்து. சார் நான்கு, அவர் யாருக்கும் ஐந்து போட்டதில்லை. இந்த முறை சீட்டில் மறக்காமல் கையெழுத்துப் போட்டேன். மீதி இரண்டு பேரையும் பொறுமையாகக் கேட்டோம். வேலை ஷாஹிதாவுக்குத்தான். அன்று மாலை வீட்டுக்கு வந்து காப்பி போட்டுக் குடித்தேன். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தது இன்னும் நினைவிருக்கிறது.

ஷாஹிதா சேர்ந்த பிறகு, நான் ஓய்வு பெறும்வரை பத்து வருடம் ஒரே கட்டடத்தில் இருந்தோம். அவள் இன்னும் அங்கேதான். பூஜ்யம் போட்டதை மட்டும் அவளிடம் நான் சொன்னதே இல்லை. வெட்கம். இந்தக் கட்டுரையில் எழுதிவிட்டதால், யாரும் பார்ப்பதற்கு முன் முதலில் அவளுக்குத்தான் அனுப்பினேன். உன் பெயரை எடுத்துவிடவா, என்னை மன்னிப்பாயா என்றெல்லாம் கேட்டிருந்தேன். அன்று சாயங்காலமே ஃபோன் வந்தது.

"பேரு இருக்கட்டும் மேடம். அந்தப் பூஜ்யம் எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"நீங்கதான் தாள் கிழியற மாதிரி எழுதுவீங்களே! கவுத்து வெச்சிருந்தீங்க, பின்னாடி வட்டமா புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. மூணாவது கட்டத்துல. தல குனிஞ்சு அதத்தான் பாத்துட்டிருந்தேன்."

"நீ அழப்போறேன்னு நெனச்சேன்," என்றேன்.

"பூஜ்யம் போட்டாச்சு, இனிமே வாத்தியாரு சொன்னத எதுக்குச் சொல்லணும்னு தோணிச்சு மேடம். போறது போவுது, நெசத்தையாவது சொல்லிட்டுப் போவோம்னு சொன்னேன். அது கண்ணுல படலன்னா, திரும்பவும் தையல்காரங்க மேலயே பழியப் போட்டிருப்பேன்."

பன்னிரண்டு வருடமாக நான் ஒளித்துவைத்திருந்த ஒன்றை அவள் இவ்வளவு லேசாக எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மனசில் இருந்த பாரம் இறங்கிவிட்டது என்று அவளிடமே சொன்னேன்.

"உங்க கட்டுரைக்குக் காத்திராம, மேல பேசி நாளைக்கு அந்தப் பதினோரு பேரையும் நேர்ல வரச் சொல்லியிருக்கா கீர்த்தனா," என்றாள் ஷாஹிதா. "பேனல்ல நானும் இருக்கேன். என்ன மேடம் செய்யணும்?"

"எல்லார்கிட்டயும் அப்புறம், அப்புறம்னு கேளு," என்றேன். "கேட்டு முடிக்கிற வரைக்கும் ஒருத்தர் சீட்டுலயும் கையெழுத்து போட்டுடாதே."